ஏசா விற்ற சேஷ்டபுத்திரபாகம் என்பது என்ன?

ஒரு வேளைக் கூழுக்காக ஏசா தன் தம்பி யாக்கோபுக்கு விற்றுவிட்டதாக பைபிளின் ஆதியாகமம் 25 சொல்லும் சேஷ்டபுத்திரபாகம், தலைச்சன் மகனுக்குரிய உரிமை. அப்பாவுக்குப் பிறகு குடும்பத் தலைமை அவனுக்கு; சொத்திலும் கூடுதல் பங்கு. பிற்காலத்தில் பைபிளின் சட்ட நூலான உபாகமம் 21 அதை இரண்டு பங்கு என்றே விதிக்கிறது. அதாவது இரண்டு மகன்களும் 30 ஆடுகளும் இருந்தால், மூத்தவனுக்கு 20, இளையவனுக்கு 10.

ஏன் இந்த ஏற்பாடு? கூடாரத்தில் வாழ்ந்து, மந்தையோடு இடம்பெயர்ந்த குடும்பங்கள் அவை. எல்லாவற்றையும் சமமாகப் பிரித்தால் மந்தை சிதறும், கிணற்றுச் சண்டை வந்தால் முன்னே நிற்க ஆள் இருக்காது. வீட்டுக் கொத்துச்சாவியை மூத்த மகனிடம் கொடுப்பதைப் போலத்தான்: சாவியோடு தாயைப் பார்ப்பதும் தங்கைகளைக் கரையேற்றுவதும் சேர்ந்தே வரும்.

உரிமை கைமாறவும் செய்தது. யாக்கோபின் மூத்த மகன் ரூபன், தகப்பனின் மறுமனையாட்டி பில்காளோடு உறவு கொண்டதால் அதை இழந்தான். அது யாக்கோபின் இன்னொரு மகன் யோசேப்பின் பிள்ளைகளுக்குப் போனது. எப்பிராயீம், மனாசே என யோசேப்பின் வழியில் இரண்டு கோத்திரங்கள் எண்ணப்படுவதில் அந்த இரட்டைப் பங்கையே நான் பார்க்கிறேன்.

யாக்கோபு இதை ஏமாற்றிப் பறித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள்; ஆனால் சேஷ்டபுத்திரபாகத்தை ஏசாவே சத்தியம் செய்து விற்றான், யாக்கோபு வேடமிட்டு வாங்கியது ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில் வரும், தகப்பன் ஈசாக்கின் ஆசீர்வாதத்தை.