கண்ணை விடக் காதை நம்புங்கள்

கேள்வி: நண்பர் வீட்டில் சாவி கொடுத்து ஓடும் பழைய கிராமபோனில் ஒரு பாட்டு கேட்டேன். அன்றிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. அடுத்த மாதம் பழைய போனோகிராஃப், கிராமபோன் சேகரிப்பவர்கள் கூடும் கண்காட்சிக்குப் போகப்போகிறேன். பெரிய பித்தளைக் குழல் வைத்த ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. போலிகள் நிறைய என்கிறார்கள். எனக்கு இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது? முதல் தடவையே வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் 'பெரிய பித்தளைக் குழல்' என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. நான் போன முதல் கண்காட்சியில் நானும் அதைத்தான் தேடினேன். தங்கம் போல் மின்னிய ஒன்றை, ஒரு பாட்டுகூடப் போட்டுக் கேட்காமல் வாங்கி வந்தேன். வீட்டில் இசைத்தட்டை வைத்தால் பாதிப் பாட்டிலேயே குரல் இழுத்து இழுத்து அடங்கியது. சில மாதம் கழித்து விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது, கையில் தூக்கிப்போகும் சிறிய கிராமபோன் ஒன்றின் மோட்டார். குழலும் பெட்டியும் புதிதாகச் செய்தவை. அந்த வருத்தம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் போலி விஷயம். இப்படிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை உலகமெங்கும் விற்பனைக்கு வருகின்றன. குழல் முழுக்க மெல்லிய புதுப் பித்தளையாக இருக்கும். குழலையும் தட்டின் பக்கம் வரும் கையையும் இணைக்கும் வளைவு முரட்டுத்தனமாக, தடித்த குழாயை வளைத்தது போல இருக்கும். பெட்டி பல நேரம் எட்டுப் பட்டையாக, பித்தளைத் தகடுகள் அடித்து இருக்கும். உண்மையான பழைய குழல்களில் பெரும்பாலானவை வண்ணம் பூசிய இரும்புத் தகடு. மரத்தில் செய்தவையும் உண்டு. பித்தளை உள்ளவற்றிலும் வாய்ப்பகுதி மட்டும் பித்தளையாக, மற்றது கறுப்பு இரும்பாக இருப்பதை அதிகம் பார்க்கலாம். அப்புறம், கிராமபோன் குழல் முன்னால் நாய் உட்கார்ந்து கேட்கும் அந்த எச்.எம்.வி. படம். அது ஒட்டியிருந்தால் அசல் என்று நம்பிவிடுகிறோம். ஒட்டுப்படத்தை யாரும் இன்றைக்கும் அச்சடிக்கலாம். (ஆங்கில ஓவியர் பிரான்சிஸ் பராட் அந்த ஓவியத்தை முதலில் வரைந்தபோது நாயின் முன்னால் இருந்தது உருளை போனோகிராஃப். கிராமபோன் கம்பெனி 1899-இல் அதை வாங்கும்போதுதான் அதன் மேலேயே கிராமபோனை வரைந்து கொடுத்தார். அந்த ஓவியம் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

சரி, என்ன வாங்குவது? அதற்கு ஒரு வித்தியாசம் தெரிய வேண்டும். எடிசன் 1877-இல் செய்த போனோகிராஃப் உருளையில் ஒலியைப் பதித்தது. முதலில் வெள்ளீயத் தாள், பின்னால் மெழுகு. எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை கேட்ட கிராமபோன் தட்டையான தட்டில் பதித்தது. எடிசனின் உருளையில் ஊசி மேலும் கீழும் ஏறி இறங்கும். பெர்லினரின் தட்டில் இடமும் வலமும் அசையும். இது ஏட்டு விஷயம் இல்லை, உங்களுக்கு நேரடியாக வேண்டியது. கண்காட்சியில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கனமான தட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பார்ப்பீர்கள். அவை எடிசன் 1912-இல் கொண்டுவந்த, வைர முனை வைத்துப் பாடவிடும் 'வைரத் தட்டுகள்'. தட்டுதான் என்றாலும் பள்ளம் உருளையில் உள்ளதைப் போல ஏறி இறங்குவது. சாதாரண கிராமபோனில் இரும்பு ஊசியை அதில் வைத்தால் தட்டு பாழ். மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

உருளைகளிலும் ஒரே வகை இல்லை. பழையவை ஏறக்குறைய 2 நிமிடம் ஓடும், அங்குலத்துக்கு 100 பள்ளம். 1908-இல் வந்த அம்பரால் உருளை 4 நிமிடம், அங்குலத்துக்கு 200 பள்ளம். இரண்டுக்கும் ஒலிப்பெட்டி, அதாவது ஊசியின் அசைவை ஒலியாக்கும் பாகம், வேறு. எடிசன் இயந்திரங்களில் 'சி' என்று குறித்தது 2 நிமிடத்துக்கு, 'எச்' 4 நிமிடத்துக்கு. மாற்றிப் போட்டால் உருளை தேயும். 1912-இல் வந்த நீல அம்பரால் செல்லுலாய்டால் ஆனது, அதற்கு வைர முனை. அந்த வைர முனையை மெழுகு உருளையில் வைப்பது அதை உழுவதற்குச் சமம். ஆகவே உருளை இயந்திரம் வாங்கினால், அதில் எந்த ஒலிப்பெட்டி இருக்கிறது, அது எந்த உருளையைப் பாடும் என்ற கேள்வியை விற்பவரிடம் முதலில் கேளுங்கள். ஒலிப்பெட்டியே இல்லாத இயந்திரத்தைத் தொடாதீர்கள். தனியாக அதைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலை.

உங்களைப் போலப் புதிதாக வருபவருக்கு நான் சொல்வது, குழல் வெளியே தெரியாத ஒன்று. விக்டர் கம்பெனி 1906-இல் விக்ட்ரோலா என்று குழலைப் பெட்டிக்குள் மடித்து வைத்த வகையைக் கொண்டுவந்தது. கண்காட்சியில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், பார்க்க அலமாரி போல இருக்கும். எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டி கிராமபோன்களும் அப்படித்தான். அளவுக்கு மீறிய நல்ல குரல், கச்சிதமான வேலைப்பாடு. ஏராளமாகச் செய்ததால் அவற்றைப் போலி செய்து விற்பவர்களும் அபூர்வம், பாகமும் கிடைக்கும். உருளைதான் வேண்டும் என்றால் 'எடிசன் ஸ்டாண்டர்ட்' என்ற வகை. அரியது எது என்று தேடுவதை இரண்டாவது, மூன்றாவது இயந்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கண்காட்சி. காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். ஒரு சின்ன டார்ச், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் அரக்கு இசைத்தட்டு, ஒரு பொட்டலம் புது இரும்பு ஊசி, இவை கையில் இருக்கட்டும். ஒலிப்பெட்டி 100 கிராமுக்கு மேல் கனத்தோடு தட்டில் உட்காரும், அதனால் தேய்ந்தாலும் மனம் வருந்தாத தட்டாக எடுத்துப் போங்கள். ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. அரக்குத் தட்டு ஊசியைத் தேய்க்கும், தேய்ந்த ஊசி தட்டைக் கிழிக்கும். வினைல் தட்டை மட்டும் எந்தக் கிராமபோனிலும் வைக்கவே வேண்டாம்.

இயந்திரத்தைத் தொடுமுன் கேளுங்கள். 'சாவி கொடுத்துப் பார்க்கலாமா?' என்று கேட்டால் நல்ல சேகரிப்பாளர் மகிழ்ந்துபோவார், தானே பாட்டுப் போட்டும் காட்டுவார். ஓடவிட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சாவி கொடுக்கும்போது கை உணர்வதைக் கவனியுங்கள். ஓடும்போது உள்ளே 'டொக்' என்று இடித்தால் ஸ்பிரிங்கின் பழைய கிரீஸ் இறுகிவிட்டது என்று பொருள். இது சரிசெய்யக்கூடியதுதான். ஆனால் ஸ்பிரிங் இருக்கும் டப்பாவை நீங்களே திறக்காதீர்கள், உள்ளே அடங்கியிருக்கும் விசை கையைக் கிழித்துவிடும். வேகத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, 20 நொடியில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 26 என்றால் நிமிடத்துக்கு 78, சரியான வேகம். பாட்டின் தொடக்கத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை எண்ண வேண்டும். முழுதாகச் சாவி கொடுத்தும் ஒரு பக்கம் முடியுமுன் வேகம் குறைந்தால் மோட்டாரில் வேலை இருக்கிறது.

பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். உரத்த இடத்தில் மட்டும் ஜிர்ரென்று அதிர்ந்தால், ஒலிப்பெட்டிக்குள் காக்காப்பொன் (மைக்கா) தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் காய்ந்திருக்கலாம். சின்னச் செலவு, அதற்காக நல்ல இயந்திரத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒலிப்பெட்டியைத் தாங்கும் கையோ ஒலிப்பெட்டியோ துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருந்து, உப்பி வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த உலோகம் உள்ளிருந்தே சிதைவது, ஒட்டினாலும் நிற்காது. இயந்திரத்தில் காப்புரிமைத் தேதிகள் பொறித்த தகடு இருந்தால் டார்ச் அடித்துப் படியுங்கள். அதில் கடைசித் தேதியைச் செய்த ஆண்டு என்று சொல்லி விற்பார்கள். அது தப்பு. அந்தத் தேதிக்கு முன்னால் அது செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும்.

பாலிஷ் மின்னுவதைக் கண்டும் மயங்காதீர்கள். மங்கிப்போய், கீறலோடு, பழைய எழுத்து அழியாமல் இருக்கும் பெட்டிதான் எனக்கு உயர்ந்தது. சுரண்டிப் புதுப்பித்தால் அந்த எழுத்து திரும்ப வராது. வாங்கிய பிறகும் ஸ்பிரிட் கொண்டு துடைக்க வேண்டாம். இசைத்தட்டில் இருப்பதும் பல பெட்டிகளின் மேல்பூச்சும் அரக்கு, ஸ்பிரிட் இரண்டையும் கரைத்துவிடும்.

முதல் தடவையே வாங்கலாமா என்று கேட்டீர்கள். முதல் நாள் முழுக்கக் கேட்பதற்கே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். போவதற்கு முன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய உருளைப் பதிவுகளைக் கேளுங்கள். 10,000-க்கும் மேல் இருக்கின்றன. அந்தக் காலத்துக் குரல் எப்படி இருக்கும் என்று காதுக்குப் பழகிவிடும். கண்காட்சியில் வயதான சேகரிப்பாளர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இவர்களுக்குச் சங்கங்களும் உண்டு, லண்டனில் ஒன்று 1919-லேயே தொடங்கியது. அவர்களிடம் அரை மணி பேசினால் என் கடிதத்தில் இல்லாதது பத்து மடங்கு கிடைக்கும். மாலையிலும் ஒரே இயந்திரத்தின் குரல் காதில் நின்றால், திரும்பிப் போய் அதை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.

வாங்கினால், வண்டியில் ஏற்றுமுன் ஸ்பிரிங் ஓய்ந்து நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஒலிப்பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள், குழல் இருந்தால் அதையும். மெழுகு உருளையை வெளிப்புறம் தொடாமல், உள்ளே இரண்டு விரல் விரித்துப் பிடித்துத் தூக்க வேண்டும். அரக்குத் தட்டையும் மெழுகு உருளையையும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீடு வந்து சேர்ந்ததும் எந்தப் பாட்டை முதலில் போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.