டிஎன்ஏ தடுப்பூசி நம் மரபணுவில் கலந்துவிடுமா? இதையெல்லாம் யார் சோதிக்கிறார்கள்?

கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கும் முதலில் வந்த சந்தேகம் இதுதான். ஊசியில் இருப்பது பிளாஸ்மிட் என்ற வட்ட வடிவ டிஎன்ஏ. அது செல்லின் உட்கருவுக்குள் போனால்தான் வேலை செய்யும். ஆனால் குரோமோசோமில் நுழைந்துகொள்ளும் கருவி எதுவும் அதனிடம் கிடையாது. விலங்குச் சோதனைகளில், தானாக நடக்கும் மரபணு மாற்றங்களைவிட அந்த நுழைவு மிக அரிதாகவே இருந்தது. இருந்தும் பிளாஸ்மிட் எந்தெந்த உறுப்புக்குப் போகிறது, எவ்வளவு நாள் தங்குகிறது என்று காட்டச் சொல்கிறார்கள். தயாரிப்புக்காகச் சேர்க்கும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவையும் துருவிக் கேட்பார்கள், அது சரிதான்.

அமெரிக்காவில் மனிதத் தடுப்பூசிகளைச் சோதிப்பது எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு), விலங்குகளுக்கு வேளாண் துறை. விலங்குகள்தான் முந்திக்கொண்டன: 2005-லேயே அங்கே குதிரைகளுக்கான வெஸ்ட் நைல் வைரஸ் டிஎன்ஏ தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. மனிதர்களுக்கு முதலாவது, 2021-ல் இந்தியா அவசர அனுமதி தந்த சைகோவ்-டி என்ற கோவிட் தடுப்பூசி.