அறுநூறு பேர், நாற்பது நாற்காலி

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் வழக்கறிஞர் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். பதிவேட்டில் 600 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முதல் பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 40 பேர். அதிலும் பாதிப் பேர் முன்னாள் நிர்வாகிகள். சந்தா நிலுவை ஏறிக்கொண்டே போகிறது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. யாருக்கும் அக்கறையே இல்லை. இளம் வழக்கறிஞர்கள் எங்களை மதிக்காமல் தனியாக ஒரு குழு தொடங்கிவிட்டார்கள். பொது விவகாரம் ஒன்றில் சங்கம் அறிக்கை விட வேண்டும் என்று ஒரு சாரார் நெருக்குகிறார்கள். விட்டால் விலகிவிடுவோம் என்கிறார்கள் இன்னொரு சாரார். எல்லோரையும் ஒன்றுசேர்க்கப் பெரிய அளவில் மாநாடு நடத்தலாம் என்று மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். நான் போகும் வழி சரிதானா? இல்லையென்றால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத தலைவர்

பதில்: தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

மாநாட்டைத் தள்ளிப்போடுங்கள். காரணங்களை முதலில் அடுக்கி, வேண்டுகோளைக் கடைசிப் பத்தியில் வைப்பதுதான் மனு எழுதும் முறை. முன்பணம் கொடுத்துவிட்ட அவசரத்தில் இருக்கிறீர்கள் என்பதால் வேண்டுகோளை முதலில் வைத்துவிட்டேன்.

நானும் ஒரு சங்கத்தில் இரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்து, இதே நோய்க்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தவன். மாநாட்டன்று நாற்காலி போதவில்லை. நினைவுப் பரிசுகள், புகைப்படங்கள், கைதட்டல் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. அடுத்த மாதப் பொதுக்குழுவைக் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை என்று ஒத்திவைத்தோம். நிலைமைதான் கோரமாக இருந்தது. விழாவுக்கு வருகிறவர் விருந்தாளியாக வருகிறார். பேச்சைக் கேட்கிறார், தெரிந்தவர்களை நலம் விசாரிக்கிறார், கிளம்பிவிடுகிறார். கூரை ஒழுகினால் விருந்தாளியையா ஏணி பிடிக்கக் கூப்பிட முடியும்?

உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை என்கிறீர்கள். எனக்கு அவர்கள் கணக்குத் தெரிந்தவர்களாகத்தான் படுகிறார்கள். மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965-இல் இந்தக் கணக்கை விளக்கினார். ஒரு குழு பாடுபட்டு வாங்கும் பலன் பாடுபடாதவருக்கும் போய்ச் சேருமென்றால், குழு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவரும் ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒதுங்குவார்கள். நீதிமன்ற நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி மனுத்தாக்கல் நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டித்து வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். சந்தா கட்டாதவரும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வந்து தாக்கல் செய்வார். அந்தப் போராட்டத்தை விடச் சொல்லவில்லை. அது சங்கத்தின் கடமை. அதைக் காட்டிச் சந்தா கேட்டால் கிடைக்காது, அவ்வளவுதான். உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கிற பலன் ஏதாவது வேண்டும் என்பதே ஓல்சன் காட்டிய வழி.

அது என்ன என்பதைச் செயற்குழு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. பதிவேட்டை எடுங்கள். சந்தா கட்டிக்கொண்டிருந்து நிறுத்தியவர்களில் இருபது பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் பாதிப் பேராவது தொழிலுக்கு வந்து ஐந்தாண்டு ஆகாதவர்களாக இருக்கட்டும். நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். அலுவலக உதவியாளரிடம் தள்ளிவிடாதீர்கள். சந்தாவைப் பற்றி மூச்சு விடாதீர்கள். ‘சங்கம் என்ன செய்ய வேண்டும்?’ என்றும் கேட்க வேண்டாம். மரியாதைக்காக ‘நூலகத்தைப் புதுப்பிக்கலாம்’ என்பார்கள். புதுப்பித்த பிறகு அங்கே தூசிதான் உட்கார்ந்திருக்கும். ‘போன மாதம் தொழிலில் உங்களை அதிகமாக அலைக்கழித்தது எது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். குறுக்கு விசாரணை செய்தே பழகியவர்கள் நாம். விடையை உள்ளே வைத்துத்தான் கேள்வி கேட்போம். அந்தப் பழக்கத்தைப் பத்து நிமிடம் அடக்கிவைக்க வேண்டும்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது பதவிக்காலம் முடிய எட்டு மாதங்கள் இருக்கும்போது. கட்டடம், கட்டணம் என்று ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். தனியாகத் தொழில் நடத்தும் ஒரு பெண் வழக்கறிஞர் சொன்னார்: “காய்ச்சலில் படுத்தால் எனக்காக எழுந்து நின்று வாய்தா கேட்க ஒருவர் இல்லை, சார்.” பெரிய அலுவலகம் என்றால் நான்கு ஜூனியர்கள் இருப்பார்கள். தனியாள் மாத்திரையை விழுங்கிவிட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதான். அதே குறையை வெவ்வேறு வார்த்தைகளில் மேலும் ஆறு பேர் சொன்னார்கள். அதற்காக ஒரு பட்டியல் தயாரித்தோம்: எந்தக் கிழமையில் யார் இன்னொருவருக்காக ஆஜராகத் தயார் என்று. விதிகளை ஒரு பக்கத்துக்குள் அடக்கினோம். கட்சிக்காரரின், அதாவது வழக்கை நம்மிடம் கொடுத்தவரின், சம்மதம் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். எதிர்த்தரப்போடு தொடர்புள்ளவர் அந்த வழக்கைத் தொடக் கூடாது. வாய்தா கேட்பதோடு சரி, வாதம் கிடையாது. கட்சிக்காரரைத் தன் பக்கம் இழுத்தால் பட்டியலிலிருந்து பெயர் போகும். கடைசி விதியை எழுதவே இரண்டு கூட்டம் ஆயிற்று என்றால் நம் தொழிலைப் பற்றி நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

முதல் மாதம் பதினோரு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். சந்தா கட்டியவருக்கு மட்டுமே அந்தப் பட்டியல் என்பதால் நிலுவை மெல்லக் கரைந்தது. நான் பதவியிலிருந்து இறங்கியபோது அதை நடத்திக்கொண்டிருந்த இருவரை அதற்கு முன் ஒரு கூட்டத்திலும் பார்த்ததில்லை. உங்கள் இருபது பேர் வேறு குறையைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் பதவிக்காலத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இளம் வழக்கறிஞர்களின் தனிக்குழுவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இந்த இடத்தில்தான் கோபம் தெரிகிறது. அமெரிக்காவில் 1878-இல் தொடங்கிய வழக்கறிஞர் சங்கம், 1912-இல் கறுப்பினத்தவர் என்று தெரியாமல் மூன்று பேரைச் சேர்த்துவிட்டு, பிறகு அவர்களை நீக்கப் பார்த்தது. எதிர்ப்புக்குப் பிறகு மூவரையும் இருக்கவிட்டு, இனி விண்ணப்பிப்பவர் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று முடிவு செய்தது. 1925-இல் கறுப்பின வழக்கறிஞர்கள் தங்களுக்கென்று தேசிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய சங்கம் 1943-இல் கதவைத் திறந்தது. புதிய சங்கமோ இன்றுவரை தனியாகவே இயங்குகிறது. உங்கள் சங்கம் அப்படிப்பட்ட அநீதியைச் செய்தது என்று சொல்ல வரவில்லை. உட்கார இடமில்லாதவர்கள் சொந்தமாக நாற்காலி வாங்கிவிட்டால் பிறகு திரும்பி வர மாட்டார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அவர்களுடைய அடுத்த கூட்டத்துக்குப் போகலாமா என்று கேளுங்கள். அனுமதித்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள். மேடைக்கு அழைத்தாலும் போகாதீர்கள். ஒரு மாதம் கழித்து, ஆறு வாரத்தில் முடியக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, குறைகள் இருக்கின்றன என்று நீதிமன்ற அலுவலகம் திருப்பி அனுப்பும் மனுக்களை ஒரு மாதம் சேகரித்து, அடிக்கடி வரும் காரணங்களைத் தொகுத்து வெளியிடச் சொல்லலாம். சீனியர்களுக்கும் அது தேவைப்படும். வெளியே சொல்ல மாட்டார்கள். சிறு தொகையை ஒதுக்கி, செலவு செய்யும் உரிமையையும் அவர்களிடமே விடுங்கள். வெளியாகும்போது அட்டையில் அவர்கள் பெயர் இருக்கட்டும், உங்கள் அணிந்துரை வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் பெண் உறுப்பினர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வந்த நாற்பது பேரில் எத்தனை பெண்கள்? சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 135 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,000 பேர் பதிலளித்தார்கள். பெண்களில் இருவரில் ஒருவரும் ஆண்களில் மூவரில் ஒருவரும் பணியிடத்தில் அடாவடிக்கும் அவமதிப்புக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். பெண்களில் மூவரில் ஒருவர் பாலியல் தொந்தரவைச் சந்தித்திருந்தார். அந்தத் தொந்தரவுகளில் நான்கில் மூன்று புகாராகவே வரவில்லை. யாரிடம் சொல்வது? தொந்தரவு கொடுத்தவரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், கூட்டத்துக்கு வராமல் இருப்பதுதான் அவர்களால் முடிந்த பதில். சீனியர் வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் புகார் சொல்ல வழி செய்யுங்கள். மாநாட்டுக்குச் சேர்த்த பணத்தை இதற்குச் செலவிட்டாலும் தகும்.

அறிக்கை விவகாரம் உங்களைத் தூங்கவிடாது என்று தெரிகிறது. ஹவானாவில் 1990-இல் நடந்த ஐ.நா. மாநாடு வழக்கறிஞர்களின் பங்கு பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. தன்னாட்சியுள்ள சங்கம் அமைப்பது நம் உரிமை என்றும், உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு வெளித்தலையீடு இல்லாமல் இயங்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே, கட்சிக்காரருக்காக வாதாடிய காரணத்தால் ஒரு வழக்கறிஞர் தண்டிக்கப்பட்டால், அன்று மாலையே சங்கம் பேச வேண்டும்; வாக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மற்றவற்றில் நிதானம் நல்லது. அதே 1990-இல், கலிபோர்னியா வழக்கறிஞர் அமைப்பு தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழிலை ஒழுங்குபடுத்துவதோடும் சட்டச் சேவையின் தரத்தோடும் தொடர்பில்லாத கொள்கைப் பிரசாரத்துக்குக் கட்டாயச் சந்தாவைச் செலவிடக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். கோட்டை எங்கே போடலாம் என்று காட்டுகிறது. நீங்கள் சொல்லும் விவகாரம் கோட்டுக்கு அப்பால் இருந்தால், விரும்புகிறவர்கள் தங்கள் பெயரில் கையெழுத்திட்டு வெளியிடட்டும். சங்கத்தின் பெயர்த்தாளைத் தர வேண்டாம். இந்த விதியை அடுத்த சண்டைக்கு முன் எழுதிவைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை அப்படியே விட்டுவிடுங்கள். காலை வணக்கம் சொல்கிறவர்களாவது சந்தோஷமாக இருக்கட்டும். அறிவிப்புகளுக்கு மட்டும் வேறு குழு தொடங்குங்கள். கூட்டக் குறிப்பு ஒரு வாரத்திலும், வரவுசெலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அதில் வர வேண்டும்.

முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தாரோடு செய்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் நான் எப்படிச் சொல்வது? 600 வழக்கறிஞர்கள் இருக்கிறார்களே, ஒப்பந்தச் சட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த இருபது பேரிலேயே இருப்பார். முதல் அழைப்பை அவருக்குப் போடுங்கள்.