அலகிலா விளையாட்டும் கார்பனும்

அன்புள்ள ஐயா,

கார்பன் அணுக்கருவின் ஓர் ஆற்றல் நிலை சற்றே விலகியிருந்தால் நாம் தோன்றியிருக்கவே மாட்டோம் என்று வானியற்பியலாளர் பிரெட் ஹாய்லின் கண்டுபிடிப்பைப் பற்றி வாசித்தேன். பிரபஞ்சத்துக்கு நோக்கம் உண்டு என்பதற்கு இதுவே சான்றாகாதா? நோக்கம் இல்லையென்றால் நம் வாழ்க்கைக்கு மட்டும் என்ன பொருள் இருக்க முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விண்மீனுக்குள் இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்து உருவாகும் பெரிலியம்-8, கண்ணிமைக்கும் நேரத்தின் கோடி கோடியில் ஒரு பங்குகூட நிலைப்பதில்லை. அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர்ந்தால்தான் கார்பன் பிறக்கும். அவ்வளவு அரிதான சந்திப்பிலிருந்து இத்தனை கார்பன் எப்படி வந்தது என்று யோசித்த ஹாய்ல், கார்பன்-12 அணுக்கருவுக்கு ஏறத்தாழ 7.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், அந்தச் சேர்க்கையை எளிதாக்கும் ஒரு கிளர்வு நிலை (இயல்பைவிடக் கூடுதல் ஆற்றல் கொண்ட நிலை) இருந்தே தீர வேண்டும் என்று 1953இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தாரிடம் வாதிட்டார். அவர்கள் ஐயத்தோடுதான் தேடினார்கள், அது இருந்தது. அவருடைய கணக்கில் மனிதனோ உயிரோ இல்லை, விண்மீன்களில் கார்பன் எவ்வாறு விளைகிறது என்பதே அங்கே கேள்வி. உயிரோடு அதை முடிச்சுப் போட்டது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான். போட்டவர்களில் ஹாய்லும் ஒருவர்.

ஆகவே இதில் நமக்குக் கிடைப்பது பொருத்தம், நோக்கம் அன்று. மழையால் வயல் விளைவது மழையின் பயன். வயல் விளையட்டும் என்றுதான் மழை பெய்கிறது என்பது வேறொரு கூற்று, அதற்கு வேறு சான்று வேண்டும்.

நோக்கம் என்றதுமே, தன்னிடம் இல்லாத ஒன்றை அடைய விரும்பும் ஒருவர் தேவைப்படுகிறார். குறையொன்றும் இல்லாத பிரம்மம் எதை அடைய உலகைப் படைக்க வேண்டும் என்ற மறுப்பைத் தானே எழுப்பிக்கொள்ளும் பிரம்ம சூத்திரம், அது வெறும் லீலையே என்று விடை சொல்கிறது. கம்பரும் தம் காப்பியத்தின் முதற்பாட்டிலேயே ஆக்கல், நிலைபெறுத்தல், நீக்கல் மூன்றையும் ‘அலகிலா விளையாட்டு’ என்கிறார். சைவ சித்தாந்தம் வேறு வழியில் செல்கிறது: ஒடுங்கிய உலகம் உயிர்களைப் பற்றியுள்ள மலத்தின் (ஆணவம் முதலான அழுக்கின்) பொருட்டே மீண்டும் உளதாகிறது என்பது சிவஞான போதத்தின் முதல் நூற்பா. அங்கே நோக்கம் உண்டு, ஆனால் அது இறைவனின் குறையைத் தீர்க்க அன்று, உயிர்களின் குறையைத் தீர்க்க. எனக்கு நெருக்கமானது விளையாட்டு என்ற விடைதான். ஆனால் இறைநம்பிக்கை இல்லாத நான் அதைச் சொல்லும்போது விளையாடுபவர் உதிர்ந்துவிடுகிறார். ‘அன்னவர்க்கே சரண் நாங்களே’ என்று முடியும் பாட்டிலிருந்து அன்னவரை நீக்குவது கம்பருக்குச் செய்யும் நியாயம் அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாழ்க்கையின் பொருள் பிரபஞ்சத்தின் நோக்கத்திலிருந்துதான் வர முடியும் என்று நீங்கள் ஏன் கருதுகிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நோக்கம் உண்டு. அதன் காதில் போய் யாராவது அதைச் சொன்னால், தன் வாழ்க்கைக்குப் பொருள் கிடைத்துவிட்டது என்று அது நிம்மதி அடையுமா?