ஜூஸ் பிழிந்த சக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். சாத்துக்குடி, அன்னாசி, ஆப்பிள் எல்லாம் சேர்ந்து தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ சக்கை மிஞ்சுகிறது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அன்றைக்குப் பிழிந்ததென்றால் தாராளமாகக் கொடுங்கள். பிரேசிலிலும் ஃபுளோரிடாவிலும் ஜூஸ் ஆலைகளின் ஆரஞ்சுச் சக்கையைச் சுண்ணாம்பு கலந்து பிழிந்து, உலர்த்தி, மாட்டுத் தீவனமாகவே விற்கிறார்கள். ஆனால் உங்கள் கடைச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் சர்க்கரை உண்டு, புரதம் சொற்பம். அதனால் சக்கை கிடைக்கிறதே என்று புண்ணாக்கைக் குறைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

முதல் நாள் ஒரு கிலோ போதும். மெல்ல ஏற்றிப் பத்து நாளில் ஒரு கறவை மாட்டுக்கு ஐந்து கிலோவோடு நிறுத்திக்கொள்ளலாம். வைக்கோல் தின்ற பிறகு வைப்பது நல்லது. வெறும் வயிற்றில் கூடை நிறையக் கொட்டினால் சர்க்கரை வேகமாகப் புளித்து, வயிற்றில் அமிலம் ஏறி, மாடு அசைபோடுவதையே நிறுத்திவிடும். சாணம் இளகினால் சக்கையை உடனே நிறுத்த வேண்டும். அசைபோடுவதும் நின்றிருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழைக்கட்டும்.

பூஞ்சை பூத்ததை மேலே வழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதும் ஆபத்து, நச்சு உள்ளே இறங்கியிருக்கும். இதையெல்லாம்விட அடிக்கடி நடக்கும் கேடு ஸ்ட்ரா, ரப்பர் பேண்ட், கேரி பேக். சக்கைக்கென்று தனி வாளி வையுங்கள்.

கேள்வி: அன்னாசித் தோலில் வினிகர் போட்டேன். மேலே வெள்ளையாக ஆடை படர்ந்துவிட்டது. கொட்டிவிடவா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஆடையைப் பாருங்கள். வழவழவென்று ஜெல்லி போல இருந்தால் அதுதான் வினிகரின் தாய், அதாவது வினிகரை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் படலம், தொடாதீர்கள். மெல்லிசாகச் சுருக்கம் விழுந்திருந்தால் ஒருவகை ஈஸ்ட். கெடுதல் இல்லை, வழித்து எடுத்துவிடலாம். பஞ்சு போலப் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

அடுத்த முறை ஒரு பழத்தின் தோலும் நடுத்தண்டும், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், 100 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடி வேண்டும். அலுமினியத்தை அமிலம் அரித்துவிடும். வாயைத் துணியால் கட்டி, மிதக்கும் தோலைத் தினம் இரண்டு முறை அமுக்கிவிடுங்கள், பூஞ்சை பிடிப்பது அங்கேதான். ஐந்தாறு நாளில் நுரை அடங்கியதும் வடிகட்டி, காய்ச்சாத பழைய வினிகர் 150 மில்லி ஊற்றி, மறுபடி துணி கட்டி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். இந்தக் கட்டத்தில் மூடியை இறுக்குவதால்தான் பலருக்கும் வினிகர் ஆகாமல் சாராய வாடையோடு நின்றுபோகிறது. சர்க்கரை முதலில் ஆல்கஹாலாகும், அது அமிலமாக மாறக் காற்று வேண்டும். ரசத்துக்கும் சாலட்டுக்கும் இது அருமை. ஊறுகாய்க்கு வேண்டாம், எவ்வளவு புளிப்பு ஏறியிருக்கிறது என்று நாக்கு சொல்லாது.

கேள்வி: சாத்துக்குடிச் சக்கையில் செய்த ஜாம் கசக்கிறது. சர்க்கரை கூட்டியும் பயனில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மிக்ஸியில் விதை அரைபட்டிருக்கும், அல்லது சக்கை சில மணி நேரம் கிடந்திருக்கும். பிழிந்த உடனே தெரியாத கசப்பு, புளிப்போடு சேர்ந்து கிடக்கக் கிடக்க உருவாகும். சூடு அதை இன்னும் விரைவுபடுத்தும். வந்த கசப்பை எடுக்க வழியில்லை. விதையையும் வெள்ளைத் தோலையும் நீக்கிவிட்டு அரைத்து, உடனே அடுப்பேற்றுங்கள். பாதிக்குப் பாதி ஆப்பிள் சக்கை சேர்த்தால் கசப்பும் தணியும், ஜாமும் நன்றாக இறுகும்.

கேள்வி: மொட்டை மாடி உரத்தொட்டியில் சக்கை போட்டதும் நாற்றம், புழு. (வாசகர், சென்னை)

பதில்: ஈரம் அதிகம். ஒரு வாளி சக்கைக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு போட்டுக் கிளறுங்கள். கைப்பிடி எடுத்து அழுத்தினால் நீர் சொட்டக் கூடாது. தட்டையாக, பழுப்பாக, தடித்து இருக்கும் புழு கறுப்புப் படைவீரன் ஈயினுடையது. அது உங்கள் வேலையைத்தான் செய்கிறது, விட்டுவிடுங்கள். மண்புழுத் தொட்டியில் மட்டும் சாத்துக்குடிச் சக்கையைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: பழத்தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்து பயோ என்சைம் செய்து மார்பிள் தரை துடைக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: மார்பிளில் வேண்டாம், அமிலம் பட்டுப் பளபளப்பு போய்விடும். டைல்ஸுக்கும் கழிவறைக்கும் சரி. அளவு: வெல்லம் 1, தோல்-சக்கை 3, தண்ணீர் 10, மூன்று மாதம். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடாவிட்டால் டப்பா உப்பி வெடிக்கும். கண்ணாடிப் பாட்டிலில் செய்யவே செய்யாதீர்கள்.