விடுமுறையில் தையல், பள்ளி நாளில் பின்னல்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறை ஆறு வாரம். பின்னவும் தைக்கவும் 11 வேலைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஸ்வெட்டர், தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குப் போர்வை, இரண்டு நிறத்தில் ஒரு சால்வை, எனக்கு மூன்று பாவாடை, ஜன்னல் திரைகள் என்று பட்டியல் நீள்கிறது. சென்ற ஆண்டும் இப்படித்தான் தொடங்கினேன். பள்ளி திறந்தபோது கையில் இருந்தவை ஒரு தலையணை உறையும் ஒரு ஸ்வெட்டரின் ஒற்றைக் கையும்தான். இந்த முறை எல்லாவற்றையும் முடிக்க ஒரு கால அட்டவணை போட்டுத் தருவீர்களா?

பதில்: கால அட்டவணை போடுவதை ஆசிரியைக்கு நான் சொல்லித்தருவதா? அதை விடுங்கள். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அப்பாவின் ஸ்வெட்டருக்கு 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), 10 செ.மீ. உயரத்தில் 28 வரிசை வருகிறது என்று வையுங்கள். மார்புச் சுற்று 100 செ.மீ. என்றால் ஊசியில் 200 கண்ணி. வட்டமாகப் பின்னும்போது ஒரு வரிசைதான் ஒரு சுற்று. அதற்கு எட்டு நிமிடம் ஆகிறது. 60 செ.மீ. உயரத்துக்கு 168 சுற்று. உடல் பகுதி மட்டும் 22 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கைகள் இரண்டுக்கும் பத்து மணி, கழுத்துக்கும் முடிப்பு வேலைக்கும் இன்னும் மூன்று. ஆக 35 மணி. உங்கள் கை வேகம் வேறாக இருக்கலாம். கடிகாரத்தை வைத்து ஐந்து சுற்று பின்னிப் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது விடுமுறைக்கு வாருங்கள். முதல் வாரம் தூக்கத்தில் போகும், போகவும் வேண்டும். கடைசி வாரம் பாடக்குறிப்பில் போகும். நடுவில் நான்கு வாரம். நாளுக்கு இரண்டு மணி என்றால் 56 மணி. அதில் 35 மணியை அப்பா ஒருவரே எடுத்துக்கொள்வார். சென்ற ஆண்டு நீங்கள் சோம்பலாக இருந்துவிடவில்லை. கணக்குதான் இடம் கொடுக்கவில்லை.

அதனால் நான் சொல்வது இது: பின்னலை விடுமுறையில் முடிக்கவே பார்க்காதீர்கள். பின்னல் பைக்குள் அடங்குகிற வேலை. மதிய இடைவேளையில் இரண்டு வரிசை, பஸ்ஸில் நான்கு வரிசை என்று பள்ளி நாட்களிலேயே வளரும். தையல் அப்படியல்ல. அதற்கு மேஜை முழுவதும் வேண்டும், இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்க வேண்டும், வெட்டிய துண்டுகளை யாரும் தொடாமல் இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். விடைத்தாள் கட்டு அந்த மேஜையில் இல்லாத நாட்கள் உங்களுக்கு ஆண்டில் எத்தனை? அவற்றைத் தையலுக்குக் கொடுங்கள். தவிரவும், கோடை வெயிலில் முக்கால்வாசி முடிந்த கம்பளி ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தையலில் முதல் வேலை துணிகளை நனைத்துக் காயவைப்பது. பருத்தி சுருங்கும். நான் ஒருமுறை அவசரப்பட்டு நனைக்காமல் தைத்த பாவாடை, முதல் சலவைக்குப் பிறகு கணுக்காலை விட்டு மேலே ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து திரைத் துணியைக்கூட நனைக்காமல் வெட்டுவதில்லை. துணி காய்கிற நேரத்தில் மெஷினைத் திறந்து, பாபின் (அடிநூல் சுற்றிய சிறு உருளை) இருக்கும் இடத்தில் சேர்ந்த பஞ்சைத் துடைத்து, புது ஊசி மாட்டுங்கள். பிறகு மூன்று பாவாடையையும் ஒரே நாளில் வெட்டிவிடுங்கள், துணியின் நீளவாட்டில் ஓடும் நேர் இழை பார்த்து. வெட்டும் நாளில் தைக்க உட்காராதீர்கள். மூன்றையும் ஒரே நிற நூலில் தைக்க முடியுமென்றால் பக்கத் தையல் மூன்றையும் வரிசையாக ஓட்டி, பிறகு இடுப்புப் பட்டி மூன்றையும் வையுங்கள். நூலும் அமைப்பும் மாற்றுவதில் வீணாகும் நேரம் மிச்சம். திரைகள் நேர்கோட்டுத் தையல்தானே, ஒரு பிற்பகல் போதும். ஆனால் கீழ் மடிப்பைத் தொங்கவிட்டு இரண்டு நாள் கழித்துத் தையுங்கள். கனமான துணி தன் எடையிலேயே கொஞ்சம் இறங்கும்.

பின்னலில் விடுமுறைக்கு உரியது ஒன்றே ஒன்று: யோசிக்க வேண்டிய பகுதி. ஸ்வெட்டருக்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, அதன் பிறகு அளவெடுங்கள். 20 கண்ணி வர வேண்டிய இடத்தில் 22 வந்தால், அதே 200 கண்ணிக்குச் சுற்றளவு 91 செ.மீ.தான் கிடைக்கும். அப்பா அதை அணிந்துகொண்டு மூச்சு விட முடியாது. நூற்கண்டுகளின் காகிதத்தில் உள்ள சாய எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியவற்றைக் குறிப்பது) எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்பதையும் இப்போதே பாருங்கள். கண்டு குறைந்து நடுவில் வாங்கினால் நிறம் சற்று மாறிவிடும். அளவு சரியாக வந்ததும் ஆரம்ப விளிம்பை முடித்து, சும்மா சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டிய இடம் வரை கொண்டுபோய்ப் பையில் வைத்துவிடுங்கள். பள்ளி திறந்ததும் அது உங்களோடு வரட்டும்.

இரண்டு நிறச் சால்வை மட்டும் இதற்கு விலக்கு. பாதி வரிசையில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும் வேலை அது. அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். ஆசை விடவில்லை என்றால், பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிற நூலைக் கண்ணிகளுக்குள் கோத்து வையுங்கள். தவறினால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும்.

குழந்தையின் போர்வைதான் நாள் குறித்த வேலை. உங்கள் வசதிக்காகக் குழந்தை காத்திருக்காது. அதைப் பின்னாமல் தைத்துவிடுங்களேன். இரண்டு அடுக்கு மெல்லிய பருத்தி, நான்கு பக்கத் தையல், ஒரு காலை நேரம். விரல் மாட்டிக்கொள்ள ஓட்டையும் இருக்காது.

அந்த ஒற்றைக் கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எந்த எண் ஊசியில் பின்னினீர்கள் என்று நினைவிருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் பிரித்துவிடுங்கள். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். ஒரு குல்லாய்க்கு அந்த நூல் தாராளமாகப் போதும்.