சுவிட்சுக்குக் குரோம் கவர்: கடலோரத்தில் எது தாங்கும்?

கேள்வி: என் புல்லட்டின் ஹேண்டில் பாரில் இருபுறமும் உள்ள கறுப்பு சுவிட்ச் பெட்டிகளுக்குக் குரோம் கவர் போட ஆசை. புதுச்சேரியில் ஒரு கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று ஒட்டுவது, விலை குறைவு. மற்றது இரும்பு, ஸ்க்ரூ போட்டு முடுக்குவது, மூன்று மடங்கு விலை. வீடு தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். எதை வாங்கலாம்? நானே மாட்டிக்கொள்ள முடியுமா?
– வாசகர், கடலூர்

பதில்: கடலுக்குப் பக்கம் என்று சொல்லிவிட்டீர்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். குரோம் போட்டால் துருவே பிடிக்காது என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். மேலே பளபளப்பது மிக மெல்லிய குரோம் பூச்சு. உண்மையில் இரும்பைக் காப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல் முலாம். குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு அந்த வழியாக இறங்கி நிக்கலை அரிக்கும், அப்புறம் இரும்பைப் பிடிக்கும். முதலில் பழுப்புப் புள்ளி தெரியும், பிறகு முலாம் உப்பிக்கொண்டு உரியும். நிக்கல் எவ்வளவு கனமாக ஏறியிருக்கிறது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. விலையை வைத்தும் சொல்ல முடியாது.

ஒட்டுகிற வகை பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் குரோம் ஏற்றியது. அது துருப்பிடிக்காது. வெயிலில் பசை இளகுவதும் ஓரத்தில் முலாம் உரிவதும்தான் அதன் குறை. உங்கள் ஊருக்கு நான் அதையே சொல்வேன். போனாலும் சிறு தொகையோடு போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று உறுதியாகத் தெரிந்தால் தாராளமாக அதை வாங்கலாம். இரும்புதான் வேண்டும் என்றால், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, மெழுகு பாலிஷ் போட உங்களுக்குப் பொறுமை இருக்க வேண்டும்.

கடையில் ‘மெட்டல்’ என்றால் என்ன மெட்டல் என்று கேளுங்கள். காந்தம் நன்றாகப் பிடித்தால் பெரும்பாலும் இரும்பு. பிடிக்கவில்லை என்பதால் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஆகிவிடாது. அலுமினியம், துத்தநாகக் கலவை, பிளாஸ்டிக் எதிலும் காந்தம் ஒட்டாது. கவரைத் திருப்பி உள்பக்கத்தையும் ஸ்க்ரூ ஓட்டைகளையும் பாருங்கள். முலாம் சரியாக ஏறாத இடங்கள் அவைதான். அலமாரியில் இருக்கும்போதே அங்கே பழுப்பு தெரிந்தால் வாங்காதீர்கள்.

மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். 2021-இல் வந்த ராயல் என்ஃபீல்டின் புது கிளாசிக் 350-இல் திருகுகிற மாதிரி சுவிட்சுகள் வந்துவிட்டன. பழைய கிளாசிக் கவர் அதற்குப் பொருந்தாது.

ஒட்டுகிற வகையை நீங்களே மாட்டலாம். முதலில் டேப் தாளை உரிக்காமல் வைத்துப் பார்த்து ஹாரன், இண்டிகேட்டர், டிப்பர் (ஹெட்லைட்டை ஏற்றி இறக்குவது) எல்லாம் தடையில்லாமல் அழுந்தித் திரும்புகின்றனவா என்று பாருங்கள். பிறகு சுவிட்ச் பெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, அழுத்திப் பிடியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது.

ஸ்க்ரூ வகைக்குச் சுவிட்ச் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். அங்கேதான் கவனம் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒயர்கள் எப்படிப் போகின்றன என்று போட்டோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். மூடும்போது ஓர் ஒயர் நசுங்கினால் போதும், பியூஸ் போகும், அல்லது ஓடும் வண்டி நடு ரோட்டில் நிற்கும். பல வண்டிகளில் வலது பெட்டிக்குள்தான் ஆக்சிலேட்டர் கேபிளும் இருக்கிறது. மூடியபின், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். அது தானாகப் படக்கென்று திரும்ப வேண்டும். பிறகு பேட்டரி ஒயரை மாட்டி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் ஹேண்டிலைத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள், வண்டியை எடுக்கக் கூடாது. கில் சுவிட்சையும் (எஞ்சினை உடனே நிறுத்துவது) பிரேக் லைட்டையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள். இதில் எதிலாவது தயக்கம் இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒயரை வெட்டி ஒட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கவர் மாட்ட அது தேவையே இல்லை. வாரண்டி இருந்தால், வெட்டிய ஒயரைக் காட்டியே மறுத்துவிடுவார்கள்.

கேள்வி: புதுச்சேரியில் ஜோடி 1,400 ரூபாய்க்கு வாங்கிய குரோம் கவர் மூன்றே வாரத்தில் உரிகிறது. பில் தரவில்லை, ஜிபேயில் பணம் கட்டினேன். ‘விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். நான் இருப்பது கடலூர். என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அப்படிச் சொல்லிக் கடை தப்பிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. உங்களுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. இன்றே வாட்ஸ்அப்பில் உரிந்த இடத்தின் படத்தோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அந்தச் செய்தியும் ஜிபே விவரமும் உங்களுக்குச் சான்று.

மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருகிறது, கடலூரிலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். அதுவரை உரிந்த கவரையும் அது வந்த அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.